காசு மாதிரி ஒன்று

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாளில்
நடைபாதையோரம் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டு போனேன்
தோளில் திருப்புளிப் பையோடு
எலியோதோரோ மன்சியா வீட்டுக்கு.

இழுவைப் படகில் எஞ்சின் பார்க்கிறவர்.
டீசல் உறுமுவதைக் கேட்டே
எந்த வால்வு என்று சொல்லிவிடுவாராம்.
"இது சத்தமே போடாமல் சாகிறது, மில்கா" என்றார்.

வங்கிப் பக்கம் திறக்கவில்லை.
வரிப் பக்கம் திறக்கவில்லை.
மகள் படம் அனுப்பும் பெட்டியும் திறக்கவில்லை.
'உங்கள் இணைப்பு அந்தரங்கமானதல்ல' என்று
ஒரு சிவப்பு முக்கோணம் மட்டும் வந்து நின்றது.
அதைப் படித்த நாளிலிருந்து
எதிர்வீட்டு பர்ரியாவோடு பேச்சில்லை.
ஒட்டுக்கேட்பது அவன்தானாம்.

இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
கேட்காமல் எதையும் தொடாதே என்பதுதான்
இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி.
ரூட்டர் மாற்றியிருந்தார். கேபிள் மாற்றியிருந்தார்.
வைரஸ் தடுப்பு ஒன்றுக்கு மூன்றாகப் போட்டிருந்தார்,
மூன்றும் ஒன்றையொன்று திருடன் திருடன் என்று
சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன.
மைத்துனன் மகன் வந்து
விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினான்.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.
பூச்சி அப்படியே இருந்தது.
நாலு வருஷப் படங்கள்தான் போயின.

திரையின் வலது மூலையை
யாரும் பார்ப்பதில்லை.
அங்கே 2009, ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி இருபது நிமிஷம்.
ஜன்னலில் நவம்பர் வெயில், மாலை ஆறு மணி.

"ராத்திரி படுக்குமுன் இதை என்ன செய்வீர்கள்?"
"பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.
தூங்கும்போது எதிலும் கரண்ட் இருக்கக் கூடாது."

ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழோடு வரும்,
அதில் பிறந்த தேதி இருக்கும்.
2009இல் நின்றுகொண்டு பார்த்தால்
அவருடைய வங்கி இன்னும் பிறக்கவில்லை.
பிறக்காதவன் நீட்டுகிற கையை
எந்த இயந்திரம் குலுக்கும்?

மூடியைக் கழற்றினேன். பூனை மயிர்,
ஆட்டுக் கம்பளித் தூசு, ஒரு சூரியகாந்தி விதை.
மதர்போர்டின் ஓரத்தில்
கடிகாரத்துக்குச் சோறு போடுகிற பொத்தான் பேட்டரி.
மீட்டர் வைத்தேன்.
மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று புள்ளி நாலு.

புதியதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
முகத்தில் 2032 என்று பொறித்திருந்தது.
"இனி அந்த வருஷத்துக்குப் போய்விடுமா?"
இல்லை, இருபது மில்லிமீட்டர் அகலம்,
மூன்று புள்ளி இரண்டு தடிமன் என்றேன்.
கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

தேதியைத் திருத்த உட்கார்ந்தேன்.
நான் எதுவும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்:
"சீக்கிரம் மாற்று.
அந்த வருஷம் ஒரு கப்பலும் வரவில்லை.
இங்க்ரித் போனதும் அப்போதுதான்,
டிவியையும் தூக்கிக்கொண்டு.
ஆறு மாதமாக இந்தப் பெட்டி
விடிந்தால் என்னைக் கொண்டுபோய்
அங்கேயே இறக்கிவிடுகிறது."

வங்கி திறந்தது. இருப்பு கொஞ்சம்தான்.
ஆனாலும் கையைத் தட்டினார்.

கிளம்புமுன் ஃப்ரிட்ஜில் ஒட்ட எழுதிக்கொடுத்தேன்:
அழிக்குமுன் இரண்டு இடத்தில் நகல் எடு.
தடுப்பு ஒன்று போதும்.
சிவப்பைக் கண்டால் முதலில் தேதியைப் பார்.
பர்ரியாவிடம் மன்னிப்புக் கேள்.
கடைசி வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு
ஒட்டிக்கொண்டார்.

திரும்பும்போது ஷேர் டாக்ஸி.
சில்லறையோடு பழைய பேட்டரியையும் நீட்டிவிட்டேன்.
ஓட்டுகிறவள் கட்டைவிரலால் தடவிப் பார்த்து
"இது எந்த ஊர்க் காசு?" என்றாள்.
பதில் சொல்லுமுன்
காற்று காரைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கியது.

வீட்டில் என் மடிக்கணினி
கடைசியாக நகல் எடுத்து இருநூற்றுப் பன்னிரண்டு நாள்,
இப்போது எடுக்கவா என்று கேட்டபடி இருக்கும்.
நாளைக்கு என்று சொல்லத்தான்
போய்க்கொண்டிருந்தேன்.